பாதியில் நின்ற தையல்: எங்கே நின்றது, எப்படி மறுபடி எடுப்பது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறேன்; கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். புதுத்துணியோடு வருகிறவர்களைப் போலவே, கட்டைப்பையில் பாதி தைத்ததைக் கொண்டுவருகிறவர்களும் நிறையப் பேர். "அக்கா, நாலு வருஷமாப் பரண்ல கெடக்குது, என்ன பண்ணலாம்னு பாருங்க" என்பார்கள். கூடவே, தனக்குச் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள்.

பையைப் பிரித்தால் சோம்பேறித்தனம் கண்ணில் படாது. கடைசித் தையலுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒன்று தடுத்திருக்கும். ஒரு சதுரம் சிறுத்திருக்கும், சிவப்பு நூல் தீர்ந்திருக்கும், மெஷின் அடியில் சிக்குப் போட்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் வீம்பாக மறுபடி உட்கார்ந்தால் அதே இடத்தில்தான் மறுபடி நிற்கும். என்னுடைய மெரூன் போர்வையே 6 வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. காரணம் ஒரு நூல் (இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு) அளவுக் கோளாறு.

இங்கே அதிகம் பேசப்போவது ஒட்டுத்துணிப் போர்வை பற்றி. தெலுங்கில் பொந்த, கன்னடத்தில் கவுதி என்பார்கள். மூன்று பேச்சும் கலந்த நம் பக்கத்தில் எந்தப் பேர் சொன்னாலும் புரியும். அதிகமாகப் பாதியில் நிற்பதும் இதுதான்.

## முதல் நாள்: பையைக் கொட்டிப் பாருங்கள், தைக்க வேண்டாம்

பாயில் ஒரு பழைய வேட்டியை விரித்து, பையில் உள்ளதை எல்லாம் அதன்மேல் கொட்டுங்கள். குண்டூசி, தையலூசி எது குத்தியபடி இருந்தாலும் அப்போதே எடுத்துவிடுங்கள். அப்புறம் கடைசித் தையலைத் தேடி, அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிரித்துப் பிரித்துத் தைத்த ஊசி ஓட்டைகள் தெரிந்தால், துண்டுகள் பொருந்தாமல் நின்றது. நூல் அறுந்து தொங்கினால், அடியில் சிக்கு இருந்தால், மெஷின். தையல் போய் வெறும் விளிம்பில் முடிந்தால் துணியோ நூலோ தீர்ந்தது. அடித்துணியில் மடிப்பு விழுந்திருந்தால் அடுக்குக் கோளாறு. ஒரு வரிசை சுத்தமாக முடிந்த இடத்தில் நின்றிருந்தால் துணியில் குறையே இல்லை. கீழே 'எல்லாம் சரியாக இருக்கிறது, கைதான் போகவில்லை' என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

கண்டதை ஒரு சீட்டில் எழுதி, நூலால் பையின் காதில் கட்டிவிடுங்கள். என்ன பொருள், எங்கே நின்றது, என்ன வாங்க வேண்டும். மூன்று வரி போதும்.

## எங்கே விட்டோம் என்றே தெரியவில்லை

முதலில் எண்ணுங்கள். வெட்டியது, சேர்த்தது, இஸ்திரி போட்டது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு 60-க்கு 90 இஞ்ச் போர்வை, தைத்தபின் 6 இஞ்ச் நிற்கும் சதுரங்கள் என்றால் குறுக்கே 10, நீளத்தில் 15, ஆக 150 சதுரம். கையில் 93 இருந்தால் பாக்கி 57. "நிறைய இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பதைவிட 57 என்று தெரிவது எவ்வளவோ மேல்.

அளவு எழுதிய தாள் தொலைந்துவிட்டதா? வெட்டிய சதுரம் ஒன்றையும், தைத்த வரிசையின் நடுவில் உள்ள சதுரம் ஒன்றையும் அளந்து பாருங்கள். வெட்டியது ஆறரை, தைத்தது ஆறு என்றால் பக்கத்துக்குக் கால் இஞ்ச் பிடித்திருக்கிறீர்கள். இனியும் அதையே பிடியுங்கள்.

ரவிக்கை, சுடிதார் பாதியில் நின்று, வெட்டியவர் வேறொருவர் என்றால் ஊகித்துத் தைக்காதீர்கள். நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெட்டியவரிடமே போவது நல்லது. டார்ட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்பு) எங்கே நினைத்து வெட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

## கறை, பூஞ்சை, நாற்றம்

பூஞ்சை வாசம் மட்டும் என்றால் இரண்டு நாள் வெயில், திருப்பித் திருப்பி. சாம்பல் நிறத்தில் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் துவையுங்கள்.

ஊசி விட்ட துருக்கறை வெள்ளைக் காட்டனில் என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் இளகும். கலர் துணியில் எலுமிச்சை நிறத்தை எடுத்துவிடும். அங்கே அந்த ஒரு துண்டை மாற்றுவதுதான் வழி.

சிவப்பு, மெரூன் துணிகள் சாயம் விடுமா என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். ஈர வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்தினால் தெரிந்துவிடும். ஏற்கெனவே தைத்து, சாயம் பரவிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்; சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பட்டில் சாயம் பரவியிருந்தால் ஒன்றும் செய்யாமல், ஈரத்தோடு டிரை கிளீனிங் கடைக்கு.

## சதுரங்கள் பொருந்தவில்லை, மூலைகள் சேரவில்லை

அதிகமாக வருவது இதுதான். ஆட்கள் மனம் உடைந்து மூட்டை கட்டுவதும் இங்கேதான். வரிசையாகப் பாருங்கள்.

இஸ்திரி போட்டீர்களா? ஒவ்வொரு தையலையும் அழுத்தாமல் அடுத்ததற்குப் போயிருந்தால், தையல் ஓரத்தில் துணி மடிந்து வரிசை சிறுத்துத் தெரியும். இஸ்திரியை இழுக்காமல், வைத்து வைத்து எடுங்கள். இழுத்தால் துணி நீளும். இதை மட்டும் செய்தே அரை இஞ்ச் திரும்பி வந்த வரிசைகள் உண்டு.

தையல் பிடிப்பு (துணி விளிம்பிலிருந்து தையல்வரை விடும் அகலம்) மாறியதா? இஞ்ச்சுக்கு 8 நூல். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். 10 சதுரம் சேரும் வரிசையில் 9 தையல், ஆக 9 நூல். ஒரு இஞ்ச்சுக்கும் மேலே காணாமல் போகிறது. கண்ணுக்கே தெரியாத அரை நூல் இவ்வளவு செய்யும்.

சோதனை சுலபம். ஆறரை இஞ்ச் பிட்டுத் துணி மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுச் சதுரத்தை அளங்கள். சரியாக 6 இருக்க வேண்டும். ஒரு நூல் குறைந்தால் பிடிப்பு அதிகம். கூடினால் பிடிப்பு குறைவு. ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷின் தட்டில் இன்சுலேஷன் டேப் நாலைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணி விளிம்பு அதில் உரசிக்கொண்டே போனால் பிடிப்பு மாறாது.

என் மெரூன் போர்வை நின்றது இதனால்தான். 8 வரிசை என் பழைய கால் மெஷினில் தைத்தது. அப்புறம் மோட்டார் மெஷின் வந்தது. மீதியை அதில் தைத்தேன். இரண்டிலும் பிரஷர் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தை வைத்தே அளவு பிடித்தேன். இரண்டு ஃபுட்டின் அகலமும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒன்பதாவது வரிசையை எட்டாவதோடு வைத்தபோது ஒன்றேகால் இஞ்ச் நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று தடவை பிரித்தேன், மூன்றாவது தடவை பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு போர்வையை ஒரே மெஷினில் முடியுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் இப்போது சொல்கிறேன்.

இதற்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. எல்லா வரிசையும் ஒரே அளவு குறைந்திருந்தால் போர்வை கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான். தொடாதீர்கள், அதே பிடிப்பில் தொடருங்கள். சில வரிசை மட்டும் நீளமாக இருந்தால், நீளமான வரிசையில் எல்லாத் தையலுக்கும் பக்கத்தில் அரை நூல் உள்ளே தள்ளி இன்னொரு தையல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறையும். பழைய தையலைப் பிரிக்கவே வேண்டாம்.

மூலை மட்டும் விலகுகிறதா? ஒரு வரிசையில் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் சாய்த்தும், அடுத்த வரிசையில் வலப்பக்கம் சாய்த்தும் இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று முட்டி நிற்கும், விரலாலேயே உணரலாம். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலை சேரும்.

வெட்டிலேயே கோளாறா? அட்டை வைத்து வெட்டினால் கத்தரி அட்டையின் ஓரத்தைத் தின்றுகொண்டே போகும். ஐம்பதாவது சதுரத்துக்கும் முதல் சதுரத்துக்கும் வித்தியாசம் வந்துவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், தேயாது.

துணியே வேறு வேறா? நம் பக்கத்துப் பர்கூர்த் துணிக்கடைகளைக் குட்டி சூரத் என்பார்கள்; குஜராத்தின் சூரத்துச் சரக்கு நிறைய வரும். பார்க்கக் காட்டன் போலவே இருக்கும் பாலியெஸ்டரும் அதில் உண்டு. ஓரத்தில் ஓர் இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். காட்டன் சூட்டில் இஸ்திரி வைத்தால் பாலியெஸ்டர் சுருண்டு, சுற்றியுள்ள சதுரங்களையும் இழுக்கும். அதே மாதிரி, நனைக்காத புதுக் காட்டனைப் பலமுறை துவைத்த சேலைத் துணியோடு சேர்த்தால், முதல் துவைப்பில் புதுசு மட்டும் சுருங்கும். வாங்கியதை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

குறுக்கில் (மூலைவாட்டில்) வெட்டிய துண்டுகள் நீண்டு அலை அலையாக நின்றால், கஞ்சித் தண்ணீர் தெளித்து, அளவுக்கு வைத்துக் குண்டூசி குத்தி, இஸ்திரியை மேலே வைத்து வைத்து எடுங்கள். நிறையச் சரியாகும்.

எப்போது விட வேண்டும்? இத்தனைக்கும் பிறகு வித்தியாசம் இரண்டு இஞ்ச்சுக்கு மேல் நின்றால் சேர்க்காமல் விட்ட சதுரங்களையும் பிரித்த சதுரங்களையும் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து, எல்லாவற்றையும் ஐந்தரை இஞ்ச்சுக்கு ஒரே வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். தைத்தால் 5 நிற்கும். 150 சதுரத்தில் 50-க்கு 75 இஞ்ச் வரும். பிள்ளைக்குத் தாராளமான போர்வை.

## துணி தீர்ந்துவிட்டது, நூல் நிறம் கிடைக்கவில்லை

பூவேலைக்கு வாங்கும் ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், 6 இழை. சுற்றியிருக்கும் தாளில் ஷேடு நம்பர் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் பையிலேயே வையுங்கள். தாள் போய்விட்டதென்றால் மீதி நூலைக் கடைக்கு எடுத்துப்போய், வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பொருத்திப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து வாங்கிய மெரூன் வீட்டுக்கு வந்தால் வேறு மாதிரி இருக்கும்.

அதே நம்பர் வாங்கியும் சின்ன வித்தியாசம் தெரிகிறதா? சாயத் தொட்டி மாறியிருக்கும். பழைய நூல் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், இரண்டு இழை கோர்க்கும் இடத்தில் பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று சேர்த்துக் கோர்த்து ஒரு பூவைப் போடுங்கள். அடுத்த பூவை முழுக்கப் புதியதில் போடலாம். மாறிய இடம் கண்ணில் படாது. ஒரே பூவின் நடுவில் நூலை மாற்றினால் மட்டும் கட்டாயம் தெரியும்.

துணி தீர்ந்ததென்றால் மாற்றுத் துணியை ஒரு மூலையில் குவிக்காமல் போர்வை முழுக்கச் சிதறிப் போடுங்கள். ஏற்கெனவே சேர்த்த வரிசைகளிலிருந்து நாலைந்து சதுரத்தைப் பிரித்து இடம் மாற்ற வேண்டியிருக்கும்; செய்யலாம், ஒரு சாயங்கால வேலை. மூலைச் சதுரங்களுக்குப் பழைய துணி கொஞ்சம் மீதி வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

## மெஷின் தையலை விட்டுவிட்டு ஓடுகிறது, அடியில் சிக்குப் போடுகிறது

தையல் விடுகிறதென்றால் முதலில் ஊசி. மாதக்கணக்கில் மெஷினிலேயே இருந்த ஊசியில் போர்வை தைக்க வேண்டாம். சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் நம்பர், மூன்று அடுக்கு சேர்ந்த போர்வைக்கு 16. தட்டையான பக்கம், நூல் கோர்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும். ஒரு போர்வை முடிவதற்குள் நான் மூன்று நாலு தடவை ஊசி மாற்றுவேன். கைக்காசில் மலிவான ரிப்பேர் இதுதான்.

அடியில் கொத்தாகச் சிக்கினால் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில். பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலை முழுக்க உருவி மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் நடுவில் இறங்காது. தைக்கும்போது ஃபுட்டை இறக்க மறந்தாலும் இதே சிக்கு வரும்.

சரியாகவில்லையா? தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பாருங்கள். பஞ்சு சேர்ந்து அடைத்திருக்கும்; பிரஷ்ஷால் எடுத்துவிட்டு எண்ணெய் ஒரு சொட்டு. எண்ணெய் போட்ட பிறகு கழிவுத் துணியில் பத்து வரிசை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கறை போர்வையில்தான் விழும்.

அப்புறம் பாபின் கேஸ். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் கேஸ் தானாகக் கீழே ஓடக்கூடாது. லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். வழுக்கி ஓடினால் ஸ்க்ரூவைக் கால் திருப்பு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கால் மிதித்தும் சக்கரம் வழுக்கினால் தோல் பெல்ட் நீண்டுவிட்டது. கிளிப்பைக் கழற்றி அரை இஞ்ச் வெட்டி மறுபடி மாட்டினால் பிடிக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: புது ஊசி, புது நூல், சுத்தம் எல்லாம் செய்தும் ஒரே தாளத்தில் தையல் விட்டால் ஷட்டில் டைமிங் (ஊசியும் அடிநூல் கொக்கியும் சந்திக்கும் நேரம்) போயிருக்கிறது. ஊசி அடியில் எதிலோ இடிக்கும் சத்தம் கேட்டாலும் அதே. வீட்டில் ஸ்பேனர் எடுக்காதீர்கள். சக்கரத்தை ஓட்டாமல் நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். அவர் வரும்வரை போர்வை நிற்க வேண்டியதில்லை. கையால் ஓட்டுத்தையல் (மேலும் கீழுமாக ஊசி ஓட்டும் நேர்த்தையல்) போட்டுக்கொண்டே இருக்கலாம்.

## மூன்று அடுக்கும் சேர்த்தால் அடித்துணியில் மடிப்பு விழுகிறது

மெஷினில் கீழே உள்ள பல் அடித்துணியை இழுக்கும், மேலே உள்ள ஃபுட் மேல்துணியை அழுத்தித் தள்ளும். நடுவில் பஞ்சோ பழைய போர்வையோ இருந்தால் மூன்றும் மூன்று வேகத்தில் போகும்.

முதல் காரணம் கச்சாத் தையல் (பின்னால் பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போதாமல் இருப்பது. அடித்துணியைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி இறுக்குங்கள். மேலே நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து நாலு பக்கமும் கச்சாத் தையல், கைமுஷ்டி வைத்தால் எங்கேயும் ஒரு நூல் தொடும் அளவுக்கு நெருக்கம். அரை நாள் வேலை இது. இதில் மிச்சம் பிடித்த நேரம் பின்னால் பிரிப்பதில் போய்விடும்.

இரண்டாவது, ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தது. நடுவில் தொடங்கி வெளியே போங்கள். மூன்றாவது, ஃபுட் அழுத்தம். மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நாலாவது, போர்வையின் பாரம் மேசையிலிருந்து தொங்கி இழுப்பது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தாங்குங்கள். இத்தனைக்கும் பிறகும் மடிந்தால், மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வாங்கலாம். உங்கள் மெஷினுக்கு ஏறுமா என்று பழைய ஃபுட்டைக் கழற்றி எடுத்துப்போய்ப் பார்த்து வாங்குங்கள்.

விழுந்துவிட்ட மடிப்புக்காக முழு வரிசையைப் பிரிக்காதீர்கள். மடிப்புக்கு இரு பக்கமும் நாலு விரல் பிரித்து, துணியைப் பரப்பிவிட்டு, கையால் தைத்து மூடினால் போதும்.

கையாலேயே முழுவதும் தைப்பது பயமுறுத்துகிறதா? 3 இஞ்ச் இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத்தையல் என்றால் 20 வரிசை, ஒவ்வொன்றும் ஏழரை அடி, மொத்தம் 150 அடி. ஒரு நாளைக்கு ஒரு வரிசை போட்டால் 20 நாள். நான் இதைத்தான் விரும்புவேன். கையால் தைத்த போர்வை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்.

## ஆரி ரவிக்கை, எம்பிராய்டரி பாதியில்

சட்டத்திலேயே மாதக்கணக்கில் விட்ட துணி தொய்ந்திருக்கும். தொய்ந்த துணியில் ஆரி ஊசி (கொக்கி முனை ஊசி) போட்டால் சங்கிலித் தையல் சுருங்கும். பக்க நூல்களைப் பிரித்து மறுபடி இறுக்கிக் கட்டி, விரலால் சுண்டும்போது தப்பு மேளம் போல ஒலித்தால் தொடருங்கள். வளையத்தில் விட்டிருந்தால் தடம் விழுந்திருக்கும். பின்பக்கம் ஈரத்துணி வைத்து இஸ்திரி. ஒவ்வொரு நாளும் வளையத்தைக் கழற்றி வைப்பதே நல்லது.

ஜரி கறுத்திருந்தால் தேய்க்காதீர்கள். ஒரு முனையில் புது ஜரி வைத்துப் பாருங்கள்; வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் கறுத்த வரிசையை மட்டும் எடுப்பது ஆரி வேலை செய்பவர் கையில் இருக்கட்டும். மணி தைத்த நூலை நீங்கள் அறுத்தால் வரிசையே உதிர்ந்து வரும்.

வீட்டில் ஆயா காலத்து லம்பாடிப் பாவாடை, கண்ணாடி வைத்த துண்டு ஏதாவது பாதி பிய்ந்து கிடந்தால் மெஷினில் ஒட்டுப் போடாதீர்கள். நம் பக்கத்திலேயே, தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், லம்பாடிப் பெண்கள் போர்கை என்ற பெயரில் சேர்ந்து அந்தத் தையலைச் செய்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். கைவிட்டுப்போயிருந்த தையலை ஊரில் மூத்த பெண்களிடமிருந்து திரும்பக் கற்றவர்கள் அவர்கள். பழைய துண்டை அவர்களிடம் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் ஊசி எடுங்கள்.

## தைத்து முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டாள்

பட்டுப்பாவாடை பாதியில் நின்றால் உயரம் சுலபம்: கீழே வேறு நிறத்தில் பார்டர் சேர்க்கலாம், இடுப்புப் பட்டியை அகலமாக்கலாம். சட்டைதான் கஷ்டம். அக்குளில் துணி இல்லையென்றால் இழுத்துப் பிடிக்காமல் பக்கவாட்டில் பட்டை வைத்துத் தையுங்கள். தோள் அகலமே போதவில்லையென்றால் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். சித்தி மகளுக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ சரியாக இருக்கும். அவர்கள் அளவு எடுத்து முடித்துக் கொடுங்கள்.

## எல்லாம் சரியாக இருக்கிறது, கைதான் போகவில்லை

இதற்கும் காரணம் உண்டு, இதையும் சுலபத்திலிருந்து பாருங்கள்.

மெஷின் மூடியிருக்கிறதா? மேலே துணி மூட்டை, புத்தகம், காய்ந்த துணி என்று ஏறியிருந்தால் தைப்பதற்கு முன் கால்மணி நேரம் அதை இறக்குவதற்கே போகும். ஒரு பையை மட்டும் மெஷின் பக்கத்தில் வையுங்கள், மற்றவை பரணில் இருக்கட்டும். ஐந்து பை கண்ணெதிரே இருந்தால் ஒன்றும் நகராது.

பருவம் சேரவில்லையா? ஏப்ரலிலிருந்து மாங்காய் சீசன். தோப்புக்கும் கூழ் ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த மூன்று மாதம் ஊசி எடுக்க முடியாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். அந்த வெயிலில் முழுப் போர்வையை மடியில் போட்டு உட்காரவும் முடியாது. சித்திரை வைகாசியில் நேரம் கிடைத்தால் கைக்கடக்கமான சதுரங்களை மட்டும் சேர்த்துத் தையுங்கள். அடுக்கு வைத்து ஓட்டுத்தையல் போடுவதை மார்கழிக்கு வையுங்கள். அப்போது மடியில் போர்வை இருப்பதே சுகம்.

கண்ணா, கையா? நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் ஊசி கோர்க்க முடியாமல்தான் விடுகிறார்கள்; அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பகல் வெளிச்சத்தில் பத்து ஊசியை மொத்தமாகக் கோர்த்து ஒரு பஞ்சு மெத்தையில் குத்தி வையுங்கள், இரவில் அது போதும். அப்படியும் மங்கினால் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி போடுங்கள். விரல் மரத்துப்போனால், இரவில் கை எரிந்தால், தையலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தொடராதீர்கள்.

வெட்ட மனம் வரவில்லையா? காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். இறந்துபோன அம்மாவின் 6 சேலை. இரண்டை வெட்டிச் சதுரமாக்கிவிட்டார். மூன்றாவதில் கத்தரி வைக்க முடியவில்லை, இரண்டு வருடமாக அப்படியே மூட்டையில். அவரிடம் நான் வெட்டவே வேண்டாம் என்றேன். நம் ஆயாமார் செய்த முறையில் சேலை வெட்டுப்படாது. சேலையை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துவிடுவார்கள். மீதி நாலு சேலையை அப்படி அடுக்கினோம். மிகவும் பிடித்த சேலை மேலே. வெட்டிய சதுரங்கள் தலைமாட்டுப் பக்கம் ஒரு பட்டையாகப் போயின. அடுத்த மார்கழியில் போர்த்திக்கொண்டே போன் பண்ணினார்.

மனமே மாறிவிட்டதா? அந்த நிறமே இப்போது பிடிக்கவில்லை என்றால் இருக்கும் அளவில் ஓரம் அடித்து முடியுங்கள். 30 சதுரம் இருந்தால் தொட்டில் விரிப்பு, 12 இருந்தால் மெஷினுக்கு மூடி.

## எல்லாம் முடிந்தது, ஓரப்பட்டி மட்டும் பாக்கி

இங்கே நிற்பவை ஆச்சரியப்படும் அளவுக்கு நிறைய. காரணம் பெரும்பாலும் துணி வாங்காமல் இருப்பது. கணக்கு இது: 60-க்கு 90 போர்வையின் சுற்றளவு 300 இஞ்ச், மூலைக்கும் சேர்ப்புக்கும் 12. இரண்டரை இஞ்ச் அகலப் பட்டி, 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் சேர்ப்புப் போக 40 கிடைக்கும் என்று வைத்தால் 8 பட்டி, 20 இஞ்ச் துணி. அரை மீட்டர் வாங்கினால் மயிரிழையில் போதாது. முக்கால் மீட்டர் வாங்குங்கள்.

மூலை மடிக்கத் தெரியாமல் நின்றால் வேறு வழி இருக்கிறது. அடித்துணி எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்ச் வெளியே நீண்டிருந்தால் அதையே இரண்டாக மடித்து மேலே கொண்டுவந்து தைத்துவிடலாம், பட்டியே தேவையில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்து மூலையை வளைவாக வெட்டுவதும் உண்டு. அப்போது பட்டியைக் குறுக்கில் வெட்ட வேண்டும், நேர்ப்பட்டி வளைவில் முறுக்கிக்கொள்ளும். இரண்டும் வராது என்றால் பைப்பிங் அடிக்கும் தையல் கடையில் கொடுத்துவிடுங்கள். ஓரத்துக்காக ஒரு முழுப் போர்வை பெட்டியில் கிடக்க வேண்டாம்.

என் மெரூன் போர்வையில் பட்டியை மெஷினில் மேலே ஓட்டிவிட்டு, பின்பக்கம் கையால் ஹெம்மிங் போடுகிறேன். இரண்டு பக்கம் முடிந்தது. மூன்றாவது பக்கத்தில் 90 இஞ்ச்சில் 40 ஆகியிருக்கிறது. இன்று ஊசியை எடுத்துவிட்டு, சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன்: மெரூன் நூல், ஒரு நூல் இடைவெளி, நீலக் கட்டம் போட்ட சதுரத்திலிருந்து தொடங்கணும்.